சேயுசும் சீனித்தம்பியும்

நாடகத்தில் நடிக்க ஒப்புக்கொண்ட அன்று தவமலருக்குத் தெரிந்திருந்தவை இரண்டே விசயங்கள். ஒன்று, வேடம் ஒரு ராசாவின் தாய் வேடம். மற்றது, அந்த வேடத்துக்குக் கேட்கப்பட்ட பெண்கள் எல்லாரும் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் மாட்டோம் என்றார்கள் என்று அவள் விசாரித்திருக்கலாம். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச ஒரு இடம் கிடைக்கிறதே என்ற சந்தோசத்தில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

மட்டக்களப்பு அமிர்தகழியில் இருந்தபோது அவள் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவள். அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டே ஊரில் பாதிப்பேரோடு வாயாடுவாள். அவளோடு பேசுவதற்கென்றே அரைக் கொத்து உப்பு வாங்க வருகிற கிழவர்கள் இருந்தார்கள். பிறகு எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. அடுத்த வருசம் புருசன் சீனித்தம்பி கனடாவுக்கு வெளிக்கிட்டார். அதற்கும் அடுத்த வருசம் அவளும் மகன் மாமாங்கராசாவும் ரொறன்ரோ வந்து இறங்கினார்கள். பார்க்டேலில் ஜேம்சன் தெருவில் பழைய அப்பார்ட்மென்ட் ஒன்று. லிஃப்ட் வேலை செய்கிற நாள்களில் கரப்பான் பூச்சிகளும் அதில்தான் ஏறி இறங்கும்.

அவளுக்கு டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. கதவைத் தட்டி "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். இப்படியே ஒற்றைச் சொல்லோடு பகல் முழுக்கக் கழியும். வீட்டுக்கு வந்தால், பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பனியில் வேலை முடித்து வந்த சீனித்தம்பி சோபா செட்டியில் சாய்ந்தபடி நித்திரையாகிக் கிடப்பார். மகன் டிவியோடு இங்கிலீசில் சிரித்துக்கொண்டிருப்பான். "டேய் மனே, அந்தாள் என்ன சொல்லிச் சிரிக்கிறான்?" என்று கேட்டால், "அதைத் தமிழில சொன்னாச் சிரிப்பு வராதம்மா" என்பான்.

இந்த நிலையில்தான் இங்கத்துத் தமிழர் நடத்தும் கலைக் கழகத்துப் பொன்னம்பலம் மாஸ்டர் வந்து கேட்டார். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே கார் பார்க்கில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து ரிக்கற் கிழித்துக் கொடுப்பவர். அந்தக் கூட்டுக்குள் இருந்தபடியே, கார் வராத நேரங்களில், மகா அலெக்சாந்தரைப் பற்றி ஒரு நாடகம் எழுதி முடித்திருந்தார்.

"உங்கட குரல் கணீர் எண்டிருக்கு, பிள்ளை. ராசமாதாவுக்கு உது போதும்" என்றார்.

ஒத்திகை சனிக்கிழமைகளில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் நடந்தது. முதல் நாளே மாஸ்டர் எல்லாரையும் மடக்குக் கதிரைகளில் இருத்தி, கதையை விளக்கத் தொடங்கினார்.

"உலகத்தைப் பிடிக்க வெளிக்கிட்டவனுக்கு மக்கெதோனியா ராசா பிலிப்பின்ர மகன் எண்ட பேர் போதாமப் போச்சு, கண்டியளே. ராசாக்கள் எல்லாருக்கும் தகப்பன் ராசாதான். அதில என்ன புதினம்? தேவர்களுக்குத் தலைவன் சேயுஸ். அவன்ர மகன் எண்டால்தான் போற இடமெல்லாம் சனம் கும்பிடும். அதை ஒரே நாளில கட்டினதில்லை. கல்லுக்கல்லாக் கட்டினது."

கல்லுக்கல்லாகவே சொல்லிக்கொண்டும் போனார். கலியாணத்துக்கு முதல்நாள் இரவு தாய் ஒலிம்பியாசின் வயிற்றில் இடி விழுந்ததாய் ஒரு கனவு. அவளுடைய படுக்கையில் ஒரு பாம்பு கிடந்ததைப் பிலிப்பு கண்டதாய் ஒரு கதை. கதவு நீக்கலால் அதை எட்டிப் பார்த்த கண்தான் பிறகு போரில் குருடாய்ப் போனதாம் என்று அதற்கு மேல் ஒரு கதை. பிலிப்பு கொலையுண்டு போன பிறகு, எகிப்தைப் பிடித்த அலெக்சாந்தர் பாலைவனத்தைக் கடந்து சீவா என்ற இடத்தில் அமன் கோயிலுக்குப் போகிறான். ஆட்டுக்கடாக் கொம்பு வைத்த அந்த அமனும் தங்கள் சேயுசும் ஒன்றுதான் என்பது கிரேக்கரின் எண்ணம்.

"அங்கைதான் விசயம் இருக்கு" என்று மாஸ்டர் கதிரையின் நுனிக்கு வந்தார். "பூசாரி எகிப்துக்காரன். கிரேக்கம் சரியா ஓடாது. 'என் பிள்ளாய்' எண்டு அன்பா வரவேற்க வெளிக்கிட்டு, கடைசி எழுத்தைப் பிழையா உச்சரிச்சுப்போட்டார். கேட்டவனுக்கு அது 'சேயுசின்ர பிள்ளாய்' எண்டு விழுந்துது. அவன் அதைப் பிடிச்சுக்கொண்டான். அப்பிடி ஒரு கதை சொல்லுகினம்."

அந்த உச்சரிப்புப் பிழையைத் தமிழில் கொண்டுவருவதற்காக மாஸ்டர் கார் பார்க் கூட்டுக்குள் ஒரு மாதம் மண்டையை உடைத்திருந்தார். கடைசியில் அகப்பட்டது. பூசாரி "சேயே!" என்று கூப்பிட நினைத்து "சேயேஸ்!" என்று சொல்லிவிடுவார். பூசாரியாக நடித்தவர் குருநகர்க் கஸ்பர். அவருக்கு அந்த 'ஸ்' மிகவும் பிடித்துப்போய்விட்டது. பாம்பு சீறுவதுபோல் நீட்டி நீட்டிச் சொன்னார்.

தவமலருக்குச் சிரிப்பு வந்தது. "மாஸ்டர், அந்தப் பூசாரி எங்கட ஊர்ப் பக்கத்து ஆளாத்தான் இரிக்கணும். நாங்களும் றோட்டில போற பொடியனையெல்லாம் மனே, மனே எண்டுதானே கூப்பிடுற. அதுக்காக அவனெல்லாம் எங்களிட்டச் சொத்து எழுதச் சொல்லிக் கேக்கிறதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். கனகாலத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த ஒன்றுக்கு ஒரு அறை நிறைய ஆட்கள் சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில், நிறுத்த வேண்டிய இடத்தில் அவள் நிறுத்தவில்லை.

"இந்தப் பாம்பு, இடி ஒண்டும் இல்லாட்டியும், எங்கட மகனும் சாமி தந்த புள்ளதான். பத்து வரிசம் புள்ளையில்லாம இருந்து, மாமாங்கப் பிள்ளையார் தந்தவன்."

கஸ்பர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "அப்ப எங்கட சீனித்தம்பி அண்ணை பிலிப்பு எண்டு சொல்லுங்கோவன்!"

அறை இடிந்துவிழுவதுபோல் சிரிப்பு. அலெக்சாந்தராக நடிக்கிற ஸ்ரீதரன் அட்டைக் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தான். மாஸ்டர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினார். தவமலரும் சிரித்துத்தான் வைத்தாள். சாமி தந்த பிள்ளை என்பது அவளுடைய ஊரில் நேர்த்தி வைத்துப் பெற்ற எந்தப் பிள்ளையையும் சொல்லுகிற சாதாரண வார்த்தை. அதற்குள் இப்படி ஒரு கதவு இருக்கிறது என்று அவள் அன்றுதான் கண்டாள்.

கஸ்பர் வேலை செய்ததும் அதே வாளிக் கம்பனியில்தான்.

திங்கட்கிழமை காலை சீனித்தம்பி மெசினுக்குப் பக்கத்தில் போய் நிற்கவும், "குட் மோர்னிங், பிலிப்பு அண்ணை" என்றார் கஸ்பர். பெட்டி கட்டுகிற இடத்தில் இருந்த நம்மவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சீனித்தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னேரத்துக்குள் யாரோ விளங்கப்படுத்திவிட்டார்கள். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. போர்மன் மனுவல் போர்த்துக்கீசர். இரண்டு வருசமாகச் சீனித்தம்பி என்ற பெயரை நாக்கில் வைத்துப் புரட்டிப் புரட்டித் தோற்றுப்போன மனிதர். நம்மவர்கள் பிலிப்பு, பிலிப்பு என்று கூப்பிடுவதைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஆளுக்கு இப்படியொரு சுகமான பெயர் இருந்தும் ஏன் இவ்வளவு நாளும் மறைத்தான் என்றுதான் அவருக்கு ஆச்சரியம். வெள்ளிக்கிழமையளவில் சீனித்தம்பியின் லொக்கரில், பிலிப்பைச் சுருக்கி, 'பில்' என்று மனுவல் தன் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டார்.

அன்று சீனித்தம்பி செட்டியில் சாயவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார்.

"நீ நாடகத்துக்குப் போறது இண்டையோட நிண்டுட்டு."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? நான் பத்து வரிசம் ஆடி அமாவாசை தவறாம மாமாங்கத் தீர்த்தத்தில முழுகினன். காவடி எடுத்தன். அங்க உள்ளவனெல்லாம் என்னை மலடன் எண்டு சொல்லக் கேட்டுக்கொண்டு திரிஞ்சன். அவ்வளவும் செஞ்சி பெத்த புள்ளைக்கு இப்ப நான் தகப்பன் இல்லையாம். பிலிப்பாம்!"

"அது கஸ்பர் சொன்ன பகிடி. நான் சொன்னனா?"

"பகிடிக்கு வாய் கொடுத்தது நீதானே."

"சாமி தந்த புள்ள எண்டு உங்கட அம்மா சொல்லயில்லையா? ஊரெல்லாம் சொல்லயில்லையா?"

"ஊரில சொன்னா விளங்கும். இஞ்ச விளங்கிறவன் ஆரு?"

உள்ளே மகன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, அப்ப நான் ஹாஃப் கோட்டா, அரைச் சாமியா?" என்று கேட்டான். "போடா அங்கால!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒற்றுமையாய்ச் சொன்னது அது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை அவள் போனாள். விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போனாள். புருசனுக்குப் பயந்து அல்ல. அவளுடைய வசனத்தை மாஸ்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் ஒருதரம் வாய்விட்டு வாசித்துப் பார்த்தபோது அவளுக்கே நாக்குக் கூசியது. 'மைந்தா! உன்னைப் பெற்றவன் பிலிப்பு அல்லன். இடியும் மின்னலுமாய் என் மணிவயிற்றில் இறங்கியவன் சேயுஸ்!' மற்றப் பெண்கள் ஏன் மாட்டோம் என்றார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. மகனுக்குப் பெருமை சேர்க்கப் போன கதை, போகிற வழியில் தாயை என்னவாக்கிவிட்டுப் போகிறது என்பதை அவர்கள் கேட்டவுடனேயே கண்டுவிட்டார்கள். அவள்தான் பேச்சு ஆசையில் கோட்டை விட்டுவிட்டாள்.

"மாஸ்டர், இந்த வசனத்தை ஒரு தாய் தன்ர மகனுக்குச் சொல்லுவாளா?"

"சொன்னவள் எண்டும் கதை இருக்கு, சொல்லேல்லை எண்டும் கதை இருக்கு" என்றார் மாஸ்டர், தாள்களை அடுக்கியபடி. "படை நடத்திக்கொண்டு போகேக்கை ரகசியமாச் சொல்லிவிட்டவளாம். உது ஒரு கதை. மற்றதிலை அவள் பகிடியா மறுத்துப்போட்டாள். ஏரா எண்டது சேயுசின்ர பெண்சாதி. சரியான எரிச்சல்காறி. 'என்ர மகன் என்னை ஏராவிட்டைக் கோள்மூட்டிறதை எப்பதான் விடப்போறான்' எண்டு கேட்டவளாம்."

தவமலர் சிரிக்கவில்லை. இருந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது எங்க மாஸ்டர்? நாடகத்தில இல்லையே?"

"அதைப் போட்டால் சனம் சிரிக்கும், பிள்ளை. அவ்வளவு நேரமும் தூக்கி நிறுத்தின கதாநாயகன் தொப்பெண்டு கீழ விழுந்திடுவான்."

"விழட்டும். அவன் எகிப்தில போய் நிண்டுகொண்டு என்னை ஏன் இழுக்கிறான்? தகப்பன் செத்துப்போனான், எழும்பி வந்து கேக்க மாட்டான். தாய் கடலுக்கு அங்கால. ரெண்டு பேரும் இல்லாத இடமாப் பாத்துத்தானே இந்தக் கதையைக் கட்டினவன்? பக்கத்தில தாய் இருந்திருந்தா அகப்பைக் காம்பால போட்டிருப்பாள்."

"உது சரித்திரம், பிள்ளை. உங்கட குசினி இல்லை."

"குசினி இல்லாம ஒரு சரித்திரமும் நடக்கயில்ல மாஸ்டர். ரெண்டு கதையும் இரிக்கெண்டா ரெண்டையும் போடுங்க. இல்லாட்டி நீங்களே சீலையை உடுத்துக்கொண்டு நில்லுங்க."

கஸ்பர் பின்னாலிருந்து விசிலடித்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி வேறு ஒரு பெண்ணைத் தேடிப் பிடிப்பதென்றால் கோடை வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். வேண்டாவெறுப்பாய் ஒரு தாளை எடுத்து, கடைசிக் காட்சியாக ஒன்றை எழுதினார். சீவாவில் நடந்ததைத் தூதுவன் வந்து சொல்ல, ஒலிம்பியாஸ் கேட்டிருந்துவிட்டு அந்த ஒற்றை வசனத்தைச் சொல்ல வேண்டும். 'என் மகன் என்னை ஏராவிடம் கோள்மூட்டுவதை எப்போதுதான் நிறுத்தப் போகிறான்?' அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சீனித்தம்பிக்கு விளங்கப்படுத்தினாள். அவருக்கு ஏராவை விளங்க வைப்பதற்கே இரண்டு தேத்தண்ணி போனது.

"அப்ப அந்தத் தாயே இல்லையெண்டு சொல்லுறாளா?"

"ஓம். பகிடியா. ஆனா விளங்கிற மாதிரி."

"அதைச் சனம் எல்லாத்துக்கும் கேக்கச் சொல்லுவியா?"

"மைக்கில சொல்லுவன்."

சீனித்தம்பி நாடியைச் சொறிந்தார். "கம்பனியில உள்ளவனெல்லாம் வருவானுகள். அவனுகளுக்கு நேரையா பாத்துச் சொல்லு. அப்படியெண்டா நானும் வாறன்."

அதன்பிறகு அந்த வசனம் வீட்டில் ஒரு ஆள்போல் இருந்தது. தவமலர் சோறு வடிக்கும்போது அதைச் சொல்லிப் பார்த்தாள். ஹோட்டலில் கட்டில் விரிக்கும்போது சொன்னாள். கோபமாய்ச் சொன்னால் மகன்மேல் விழுந்தது. அழுதாற்போல் சொன்னால் பாம்புக் கதை உண்மைபோல் ஆனது. கடைசியில் 'எப்போதுதான்' என்ற இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுப் பார்த்தாள். சரியாய் வந்தது. பிள்ளை பக்கத்து வீட்டு மாங்காய்க்குக் கல்லெறிந்துவிட்டு வந்தால் தாய்மார் விடுகிற அதே பெருமூச்சு.

நாடகம் எண்பத்து ஏழு மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றைப் பின்னேரம் ஆறு மணி வரைக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு மணிக்குத் தொடங்கும் என்று போட்டிருந்த விழா நம்மவர்களின் வழக்கப்படி மூன்றரைக்குத் தொடங்கியது. குத்துவிளக்குக்குத் தீப்பெட்டி தேடியதில் ஒரு பாடு நேரம் போனது. பிள்ளைகளின் நடனத்தில் பாட்டு நாடா சிக்கிக்கொண்டது. பிரதம விருந்தினர், நாடகக் கலையை நாம் அழியவிடக் கூடாது என்று பேசத் தொடங்கி, அன்றைய நாடகத்துக்கு மிச்சமிருந்த நேரத்தில் பாதியைத் தின்று முடித்தார்.

தவமலர் மேடைக்குப் பக்கத்தில் பட்டுச்சீலையோடும் காகிதப் பூமுடியோடும் நின்றாள். திரை நீக்கலால் பார்த்தபோது சீனித்தம்பி மூன்றாவது வரிசையில் கோட்டுப் போட்டு விறைப்பாய் இருந்தார். பக்கத்தில் மகன். அவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசை முழுக்க வாளிக் கம்பனி.

முதற் காட்சி அவளுடையது. போனாள். மண்டபம் அமைதியானது. அத்தனை முகங்களும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கணம், இதற்காக என்னவும் பட்டிருக்கலாம் என்றுதான் பட்டது.

"மைந்தா! உன்னைப் பெற்றவன் பிலிப்பு அல்லன்..."

மிச்சத்தை அவள் சொல்லிமுடிக்குமுன் வாளிக் கம்பனி வரிசை கூரை கிளம்பக் கத்தியது. "பிலிப்பு அண்ணை! கேட்டியளே!" விசில்கள் பறந்தன. விசயம் தெரியாதவர்களும் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டறிந்து, இரண்டாவது அலையாய்ச் சிரித்தார்கள். சீனித்தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த கதிரையின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். தவமலர் இடியையும் மின்னலையும் சொல்லிமுடித்துவிட்டு உள்ளே வந்தாள். பரவாயில்லை, இன்னும் ஒன்று இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சீவாக் காட்சி நடந்தது. கஸ்பர் "சேயேஸ்ஸ்ஸ்!" என்று சீறினார். ஸ்ரீதரன் ஆட்டுக்கடாக் கொம்பு வைத்த முடியைச் சூடிக்கொண்டு, "இனி நான் மனிதனின் மகன் அல்லன்!" என்று முழங்கினான். கைதட்டல். தூதுவன் வேடக்காரன் எங்கே என்று தவமலர் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நின்றான்.

"மாஸ்டர், அடுத்தது என்ர சீன்."

மாஸ்டருக்குப் பக்கத்தில் மண்டபக் காவலாளி சாவிக்கொத்தோடு நின்று சுவர்மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இல்லைப் பிள்ளை. ஆறாகப் போகுது. வெளிக்கிடாட்டி இன்னொரு மணித்தியாலத்துக்குக் காசு கேக்கிறான். உதோட முடிக்கிறம்."

"ஒரு வசனம் மாஸ்டர். மூச்சு விடுற நேரம்."

"நல்ல இடத்திலை நிக்குது, குழப்பாதேங்கோ. சனம் கைதட்டிறது கேக்குதுதானே?"

"எனக்குச் சொன்னீங்க!"

"எழுதித் தந்தன். நேரத்தையும் நானே எழுதித் தாறது?"

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு மேடையை நோக்கிப் போனாள். மேடை விளிம்பு வரைக்கும் போயும்விட்டாள். "என் மகன் என்னை" என்று தொடங்கியபோது திரை அவளுடைய முகத்தில் வந்து மோதியது. வெளியே நன்றியுரை தொடங்கிவிட்டது. தூசு நாறிய சிவப்புத் துணியைக் கையால் விலக்கி வழி தேடினாள். மடிப்புக்கு மேல் மடிப்பாய் வந்துகொண்டேயிருந்தது. வழி அகப்பட்டபோது மண்டபத்தில் பாதி லைட் அணைந்திருந்தது. சனம் கோட்டும் தொப்பியும் தேடிக்கொண்டு, பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்து நின்றது.

வீட்டுக்குப் போகும்போது, தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீட்காரில் மகன் பின்னால் போய் இருந்துகொண்டான். சீனித்தம்பி சன்னலோரம். அவள் பக்கத்தில். பட்டுச்சீலைக்கு மேல் குளிர்கோட்டு. காகிதப் பூமுடியைக் கழற்றினாள்; மடியில் வைக்க மனமில்லாமல் சீற்றுக்குக் கீழே போட்டாள்.

"எங்க அந்த வசனம்?" என்றார் சீனித்தம்பி.

"நேரம் போயிட்டாம்."

"மற்றதுக்கு நேரம் இருந்ததே."

"ஓம்."

"அவ்வளவு பேருக்கும் அதுதானே கேட்டது."

"எனக்குத் தெரியும். நான்தானே சொன்னன்."

"அந்தப் பிலிப்பு என்ன சொன்னவன்?" என்று சீனித்தம்பி திடீரென்று கேட்டார்.

"எதுக்கு?"

"தான் தகப்பன் இல்லையெண்டு மகன் சொல்லுறதுக்கு."

"அவனுக்கு நாடகத்தில வசனம் ஒண்டும் இல்ல. முதலே செத்துப்போனான்."

"நல்லாப்போச்சு" என்றார் சீனித்தம்பி. பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே, "சரி, அதை எனக்கெண்டாலும் சொல்லு" என்றார்.

அவளுக்கு வரவில்லை. இத்தனை நாளும் சோறு வடிக்கும்போதும் கட்டில் விரிக்கும்போதும் ஓடிவந்தது, இப்போது கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று நின்றது. பெருமூச்சு மட்டும் வந்தது. வசனம் இல்லாமல் அந்தப் பெருமூச்சுக்கு ஒரு அர்த்தமும் இருக்கவில்லை. "எனக்கு இப்ப ஏலா" என்றாள். தனக்காகவாவது சொல்லியிருக்கலாம் என்ற மனத்தாங்கல் அவருக்குக் கனகாலம் இருந்தது. மேடையில் பறிகொடுத்ததை ஸ்ட்ரீட்காரில் கேட்கிறாரே என்று அவளுக்கும் இருந்தது.

மாஸ்டரோடு அவள் கோடை வரைக்கும் பேசவில்லை. அவர் அடுத்த விழாவில் அந்தக் காட்சியை மட்டும் தனியாகப் போடலாம் என்று ஆள்விட்டுச் சொன்னார். முன்கதை இல்லாமல் அது யாருக்கு விளங்கும்? மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிறகு கழகத்துக்குள் சண்டை வந்து, அது இரண்டாக உடைந்து, நாடகம் போட ஆளே இல்லாமல் போய்விட்டது.

ஆனால் பிலிப்பு போகவில்லை. கம்பனியில் மனுவலுக்கு அவர் பில். கட்டடத்தில் நம்மவர்களுக்குப் பிலிப்பு அண்ணை. எண்பத்து எட்டில் புதிதாய் வந்து சேர்ந்த சனத்துக்கு நாடகமும் தெரியாது, பகிடியும் தெரியாது. அதுதான் அவருடைய பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள். அவரும் முதலில் திருத்தினார். பிறகு முறைத்தார். பிறகு ஒருநாள் தமிழ்க்கடையில் யாரோ "பிலிப்பு அண்ணை" என்று கூப்பிட, அவர் சாதாரணமாய் "ஓம்?" என்று திரும்பியதைத் தவமலர் கண்ணால் கண்டாள். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த கையில் அவளுக்கு எரிச்சல் ஏறியது. பழகிப்போனாரே என்ற எரிச்சல்.

திருத்துகிற வேலை அவள் தலையில் விழுந்தது. ஆள் தவறாமல் விளங்கப்படுத்தினாள். கிரேக்க ராசாவில் தொடங்கி, கனவு, பாம்பு, பாலைவனம், பூசாரியின் உச்சரிப்பு என்று வரிசையாய்ச் சொல்லிக்கொண்டு வருவாள். பாம்பு வரைக்கும் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். பூசாரியில் கண் அங்குமிங்கும் போகும். தாய் சொன்ன வசனத்துக்குக் கிட்ட வரும்போது பிள்ளை அழும், கறி கருகும், பஸ் வந்துவிடும். போய் மற்றவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் பாம்பைத்தான் சொன்னார்கள்.

எண்பத்து ஒன்பது மாரியில் நான்காம் மாடிக்கு அமிர்தநாதர் என்று ஒரு முதியவர் குடிவந்தார். வந்த கிழமையே கதவைத் தட்டினார். கையில் தேவாலயத்துத் திருவிழா நோட்டீஸ்.

"இது பிலிப்பு தம்பியின்ர வீடுதானே, பிள்ளை? கட்டடத்திலை எங்கட வேதக்காறர், கிறிஸ்தவ ஆக்கள், இருக்கிறியள் எண்டு சொல்லிச்சினம். சந்தோசமாப் போச்சு."

உள்ளே சாமித்தட்டில் மாமாங்கப் பிள்ளையாருக்கு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. முதியவரின் பார்வை அங்கே போய்த் தட்டுப்பட்டுக் குழம்பித் திரும்பியது.

"இரிங்க ஐயா" என்றாள் தவமலர். அடுப்பில் பருப்பு கொதித்தது. இம்முறை அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கனவு, பாம்பு ஒன்றையும் எடுக்கவில்லை. பலமுறை பட்ட பிறகு அவளுக்கு அந்தப் புத்தி வந்திருந்தது. முதியவருக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கடைசியிலிருந்து தொடங்கினாள்.

"என் மகன் என்னை ஏராவிடம் கோள்மூட்டுவதை எப்போதுதான்" என்று சொல்லி, பெருமூச்சையும் சரியான இடத்தில் விட்டு, "நிறுத்தப் போகிறான்?" என்று முடித்தாள்.

அமிர்தநாதர் நோட்டீசை மடியில் வைத்துவிட்டு அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"அது ஆர் பிள்ளை ஏரா? பக்கத்து வீடோ?"

தவமலர் எழுந்து போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள்.